அக்சென்ட் போட்டவன் குற்றவாளியா?

"ஃபோல்டர் பேரில் அக்சென்ட் எழுத்தெல்லாம் போடாதீங்க. இங்கிலீஷில் வைங்க. பிரச்சினையே வராது."

மின்னஞ்சல் சம்பந்தமாக ஏதாவது ஒரு சப்போர்ட் டிக்கெட் போட்ட பிரெஞ்சுக்காரர், ஜெர்மன்காரர், போலந்துக்காரர் எல்லோருக்கும் இந்த அருள்வாக்கு ஒரு தடவையாவது கிடைத்திருக்கும். சொல்கிறவர் ரொம்பப் பணிவாகத்தான் சொல்வார். டிக்கெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கேட்டவர் தன் மொழியில் ஏதோ கோளாறு போல என்று நினைத்துக்கொண்டு, பேரை மாற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு பதிலைத் திட்டுவதற்காகத்தான். அது திமிர் பிடித்த பதில் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தொழில்நுட்ப ரீதியாகவே அது தப்பான பதில். ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல் என்கிற கதைதான். கொஞ்சம் நீளமாகப் போகும், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க.

முதலில் வியாதி என்னன்னு பார்த்துடலாம்

பிரெஞ்சு மொழியில் ஓடும் ஒரு அஞ்சல் மென்பொருள். அதில் 'அனுப்பியவை' ஃபோல்டருக்கு 'எலெமான் ஆன்வொயே' என்று பேர். இதை எழுதும்போது ஈ என்ற எழுத்து மூன்று இடத்தில் தலையில் சாய்ந்த கோட்டோடு வரும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரியும். அதே கணக்கை வேறொரு மென்பொருளிலோ, வெப்மெயிலிலோ திறந்தால் கோடு போட்ட சின்ன ஈ இருந்த இடத்தில் ஒரு ஆம்பர்சண்ட் (&), பிறகு பெரிய ஏ, பெரிய ஓ, சின்ன கே, கடைசியில் ஒரு ஹைஃபன் (-). ஆக ஒரு எழுத்துக்கு ஐந்து எழுத்து. பேரைப் படித்தால் யாரோ கீபோர்டு மேலே பூனையை நடக்க விட்ட மாதிரி இருக்கும்.

ஜெர்மனிலும் இதே கூத்துதான். 'வரைவுகள்' ஃபோல்டரில் ரெண்டு புள்ளி வைத்த யூ வரும். அது ஆம்பர்சண்ட், பெரிய ஏ, பெரிய பி, சின்ன டபிள்யூ, ஹைஃபன் என்று உடைந்து நிற்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். இது கெட்டுப்போன பேர் இல்லை. சர்வரில் அந்தப் பேர் சரியாகத்தான் இருக்கிறது. ஐமேப் என்கிற நெறிமுறையில் ஃபோல்டர் பேர் கம்பி வழியாகப் போகும்போது இப்படித்தான் போகணும். வாங்கிக்கொள்ளும் மென்பொருள் அதைத் திருப்பி அவிழ்த்து மனிதருக்குக் காட்டணும். அவிழ்க்காமல் அப்படியே திரையில் கொட்டினால் வருவதுதான் இந்தக் கிறுக்கல். பார்சலைப் பிரிக்காமல் சாக்கோடு சாப்பாட்டுத் தட்டில் வைத்துவிட்டு, "சாப்பாடு சரியில்லை"ன்னு சொன்னா எப்படிங்க?

இந்தச் சாக்கு மூட்டையை யார் கட்டினது?

ஐமேப்பை 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியவர் மார்க் கிறிஸ்பின். ஏழு பிட் உலகம் அது. ஆங்கில எழுத்து, எண், சில குறிகள், அவ்வளவுதான். பிற மொழிகளில் ஃபோல்டர் பேர் வைப்பதற்கு ஒரு வழியை 1996 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 2060-ல் சேர்த்தார்கள். அந்த வழிக்குப் பேர் 'மாற்றியமைத்த யூடிஎஃப்-7'.

யூடிஎஃப்-7 என்பதே 1994-ல் வந்த ஒரு ஒட்டுவேலை. யூனிகோடு எழுத்துகளை ஏழு பிட் அஞ்சல் வழியாகக் கடத்துவதற்கான ஏற்பாடு. ஆங்கில எழுத்து அப்படியே போகும். மற்ற எழுத்து வந்தால் பிளஸ் குறி (+) போட்டு, அதன் பிறகு பேஸ்64 முறையில் எழுதி, ஹைஃபன் போட்டு மூடணும்.

அதை அப்படியே எடுத்திருந்தால் கூட ஓரளவு பிழைத்திருக்கலாம். ஆனா ஃபோல்டர் பேருக்கு அது ஒத்து வரலை. ஏன்னா, யூஸ்நெட் குழுப் பேர்களில் பிளஸ் குறி சர்வசாதாரணம். பேஸ்64-ல் வரும் சாய்கோடு (/) நிறைய சர்வர்களில் ஃபோல்டருக்குள் ஃபோல்டரைப் பிரிக்கும் குறி. அதனால் பிளஸ்ஸுக்குப் பதில் ஆம்பர்சண்ட், சாய்கோட்டுக்குப் பதில் காற்புள்ளி (,) என்று மாற்றினார்கள். நிஜமாகவே பேரில் ஆம்பர்சண்ட் இருந்தால் அதை ஆம்பர்சண்ட் ஹைஃபன் (&-) என்று எழுதணும். ஆக ஒட்டுவேலைக்கு மேல் ஒட்டுவேலை, உலகத்தில் ஃபோல்டர் பேரைத் தவிர வேறெங்கும் உபயோகம் இல்லாத ஒரு குறியாக்கம்.

யூடிஎஃப்-8 அப்போ இல்லையான்னு கேட்டா, இருந்தது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-லேயே உருவாக்கிட்டாங்க. அதற்கான முதல் ஆர்எஃப்சி 1996 அக்டோபரில் வந்தது, அதாவது ஐமேப் ஆவணத்துக்கு ரெண்டே மாதம் முன்னால். 1998 ஜனவரியில் "இனி நெறிமுறைகள் எல்லாம் யூடிஎஃப்-8-ஐ ஆதரிக்கணும்" என்று ஐஇடிஎஃப் கொள்கையாகவே சொல்லியாச்சு. ஆனாலும் 2003 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 3501-ல் அதே ஆம்பர்சண்ட் கதை தொடர்ந்தது. 2013-ல் ஆர்எஃப்சி 6855 வழியாக யூடிஎஃப்-8 ஒரு கூடுதல் வசதியாக வந்தது. 2021 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 9051-ல்தான் அது ஐமேப்பின் அடிப்படையிலேயே இடம் பிடித்தது. 1996-லிருந்து எண்ணிப் பாருங்க, கால் நூற்றாண்டு. பழைய மென்பொருள்களுக்காகப் பழைய முறையும் இன்னும் சாகலை.

நான் கிறிஸ்பினைத் திட்ட மாட்டேன். 1996-ல் எட்டு பிட்டை அனுப்பினால் நடுவில் எந்த சர்வர் வாந்தி எடுக்கும் என்றே தெரியாத காலம். அவர் பழையதை உடைக்காமல் ஒரு வழி செய்தார், விதியைத் தெளிவாக எழுதியும் வைத்தார். ஒரு பக்கம் கூட வராது. என் கோபமெல்லாம் அந்த ஒரு பக்கத்தைப் படிக்காமல் அஞ்சல் மென்பொருள் எழுதி, சந்தையில் விற்று, பிறகு பயனாளியிடம் "நீ ஏன் அக்சென்ட் போட்டே?" என்று கேட்பவர்கள் மேல்தான்.

சொதப்புவதில் எத்தனை ரகம்

1. அவிழ்க்கவே அவிழ்க்காதவர்கள். மேலே சொன்ன கேஸ். சர்வர் கொடுத்ததை அப்படியே திரையில் கொட்டுவது. இருப்பதிலேயே குறைவான பாவம் இதுதான், ஏன்னா தகவல் பத்திரமாக இருக்கும்.

2. ரெண்டு தடவை கட்டுபவர்கள். ஏற்கெனவே கட்டிய பேரை சாதாரணப் பேர் என்று நினைத்து மறுபடி கட்டுவது. அப்போ ஆம்பர்சண்ட் ஒவ்வொன்றும் ஆம்பர்சண்ட் ஹைஃபனாக மாறும். சர்வரில் புத்தம் புதிதாக இன்னொரு ஃபோல்டர் உருவாகும். இது ஆபத்தான ரகம். இப்போ சரியாக எழுதப்பட்ட மென்பொருளில் திறந்தாலும் கிறுக்கல்தான் தெரியும், ஏன்னா கிறுக்கலே நிஜப் பேராகிவிட்டது.

3. எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குபவர்கள். பேஸ்64-ல் பெரிய ஏ வேறு, சின்ன ஏ வேறு. "பேரையெல்லாம் ஒரே மாதிரி வெச்சுக்கலாமே" என்று ஒரு புத்திசாலி ஃபோல்டர் பேரை சின்ன எழுத்துக்கு மாற்றினார் என்று வையுங்கள். கோடு போட்ட பிரெஞ்சு ஈ, அவிழ்க்கும்போது ஒரு சீன எழுத்தாக வந்து நிற்கும். விளையாட்டுக்குச் சொல்லலை, பேப்பரில் பிட்டுகளை எழுதிக் கணக்குப் போட்டுப் பாருங்க.

4. பாதிக் கிணறு தாண்டுபவர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ரகம் இது. இவர்களுக்கு யூடிஎஃப்-7 பற்றித் தெரியும். மொழியோடு வரும் சாதாரண யூடிஎஃப்-7 கருவியை எடுப்பார்கள், பிளஸ்ஸை ஆம்பர்சண்டாக மாற்றுவார்கள், முடிந்தது என்பார்கள். பிரெஞ்சில் சோதித்தால் சரியாக வரும். ஜெர்மனிலும் வரும். ஏன்னா, தனியாக வரும் ஒற்றை அக்சென்ட் எழுத்துக்கு பேஸ்64-ல் சாய்கோடு வரவே வராது. அந்த மொழிகளில் பெரும்பாலும் அக்சென்ட் எழுத்து தனியாகத்தான் வரும். காற்புள்ளி விதியை மறந்தது வெளியே தெரியாது.

இப்போ 'தமிழ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்க. விதிப்படி கட்டினால் மொத்தம் 16 குறிகள் வரும், அதில் ஒன்பதாவது குறி காற்புள்ளி. காரணம் மி-யில் இருக்கிற இகரக் கொக்கி. அதன் யூனிகோடு எண்ணின் கடைசி ஆறு பிட்டும் ஒன்று. அது சரியாகக் கட்டின் எல்லையில் போய் விழுகிறது. மேற்படி பாதிக் கிணறு ஆசாமி கட்டினால் அந்த இடத்தில் சாய்கோடு வரும். சாய்கோட்டைப் பிரிப்புக் குறியாக வைத்திருக்கும் சர்வர் என்ன செய்யும்? பேரை நடுவில் வெட்டி, ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டராக எடுத்துக்கொள்ளும். தமிழை ரெண்டாக வெட்டிப் போட்டுட்டு "எங்க சாஃப்ட்வேர் எல்லா மொழியையும் ஆதரிக்கும்"ன்னு பெட்டி மேல எழுதியிருப்பாங்க.

5. கருவியே காலை வாருவது. பிஹெச்பி-யின் ஐமேப் நீட்சியில் இந்தக் குறியாக்கத்தை அவிழ்க்க ஒரு ஃபங்ஷன் உண்டு. பேரைப் பார்த்தால் இதுக்கே பிறந்தது மாதிரி இருக்கும். ஆனா அது வெளியே கொடுப்பது ஐஎஸ்ஓ 8859-1 எழுத்துகள் மட்டுமே, அதாவது மேற்கு ஐரோப்பா மட்டும். அந்தப் பட்டியலில் இல்லாத எழுத்து வந்தால் 'பொய்' என்று திருப்பி அனுப்பிவிடும். போலிஷ், ரஷ்யன், தமிழ் எல்லாம் அதற்குப் பொய்! எம்பிஸ்ட்ரிங் நீட்சியில் சரியான மாற்றி இருக்கிறது, ஆனா அதைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. (2024-ல் பிஹெச்பி 8.4 வந்தபோது அந்த ஐமேப் நீட்சியையே மையத்திலிருந்து கழற்றி வெளியே வைத்துவிட்டார்கள். நல்லது.) பைத்தான் கதையும் பெருமைப்படும்படி இல்லை. அதன் ஐமேப்லிப்பில் இந்த வசதி வேணும் என்று 2009-லேயே புகார் பதிவாகியிருக்கிறது. 2023-ல் 3.12 வெளிவந்தபோதும் அது இல்லை. அவனவன் சொந்தமாக எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அப்படி எழுதும்போதுதான் நான்காவது ரகம் பிறக்கிறது.

ஒரு நிஜக் கதை

இதெல்லாம் சும்மா பார்க்க அசிங்கமாக இருக்கிற பிரச்சினைதானே, உயிரா போகுது என்று கேட்பவர்களுக்காக.

பிரான்சில் ஒரு சின்ன நிறுவனம். நாங்கள் அவர்களுக்கு வேறொரு மென்பொருள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அஞ்சல் சர்வரை மாற்றும் வேலை இன்னொரு கம்பெனியின் பொறுப்பு. மாற்றி முடித்த வாரம், கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அம்மாவுக்கு அனுப்பிய அஞ்சல் ஃபோல்டர் ரெண்டாகத் தெரிந்தது. ஒன்று ஒழுங்கான பிரெஞ்சில், கிட்டத்தட்டக் காலியாக. இன்னொன்று ஆம்பர்சண்டும் ஹைஃபனுமாக, உள்ளே அவருடைய நான்கு வருஷக் கடிதங்கள். மேலே சொன்ன ரெண்டாவது ரகம், ரெண்டு தடவை கட்டிய மூட்டை.

அவர் ஒழுங்காக டிக்கெட் போட்டார். வந்த பதில், "அது மாற்றும்போது உருவான குப்பை, நீக்கிவிடலாம். இனிமேல் ஃபோல்டர் பேரில் அக்சென்ட் வைக்காதீர்கள்." அவரும் வைரஸ் போல இருக்கிறதே என்று ஏற்கெனவே பயந்து போயிருந்தார். நிபுணர் சொல்லியாச்சு, நீக்கினார். முப்பது நாளில் குப்பைத் தொட்டி தானாகக் காலியானது. வரி சம்பந்தமாக ஒரு பழைய கடிதம் தேவைப்பட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நல்லவேளை, பழைய சர்வரின் பேக்கப் ஒன்று அழிக்கப்படாமல் இருந்தது. ஆனா அதுவும் மாற்றத்துக்குச் சில மாதங்கள் முன்பு எடுத்தது. நடுவில் இருந்த மாதங்களின் கடிதங்கள் போனது போனதுதான்.

நான் அந்தக் கடிதப் போக்குவரத்தைப் படித்தேன். அந்த அம்மா ஒரு வரி எழுதியிருந்தார். அந்த ஃபோல்டருக்குப் பேர் வைத்தது தான் இல்லை, மென்பொருளே வைத்தது என்று. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பாயிண்ட் அங்கேதான் இருக்கு.

"இங்கிலீஷில் வை" ஏன் தப்பான பதில்?

ஒன்று, பேர் வைத்தது பயனாளியே இல்லை. 'அனுப்பியவை', 'நீக்கியவை', 'வரைவுகள்' இதையெல்லாம் பிரெஞ்சு மொழியில் நிறுவப்பட்ட மென்பொருள் தானாக உருவாக்குகிறது. தன் மொழியில் கம்ப்யூட்டரை உபயோகிப்பதுதான் அவர் செய்த ஒரே காரியம். அதைச் செய்யாதே என்கிறீர்களா? பிரான்சில் 1994 ஆகஸ்ட் 4-ம் தேதியிட்ட தூபோன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஊழியருக்கு வேலைக்குத் தேவையான ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்கணும் என்று சொல்கிற சட்டம். அந்த ஊரில் போய் "இங்கிலீஷுக்கு மாறு" என்பது எவ்வளவு தைரியம் பாருங்க.

ரெண்டு, இங்கிலீஷில் வைத்தாலும் உடையும். ஆராய்ச்சிப் பிரிவுக்காரர் 'ஆர் அண்ட் டி' என்று ஆங்கிலத்தில், நடுவில் ஆம்பர்சண்ட் போட்டு ஒரு ஃபோல்டர் வைக்கிறார். அக்சென்டே கிடையாது. சரியாகக் கட்டாத மென்பொருள் அந்த ஆம்பர்சண்டை அப்படியே அனுப்பும். எதிர்முனையில் இருப்பது அதை பேஸ்64-ன் ஆரம்பம் என்று நினைத்து முழிக்கும். சில சர்வர்கள் பேர் செல்லாது என்று மறுத்துவிடும். இப்போ என்ன சொல்வீங்க, ஆம்பர்சண்டும் போடாதேன்னா? நோய் மொழியில் இல்லை ஐயா, உங்க கோடில் இருக்கு.

மூன்று, அக்சென்ட் என்பது பொட்டு வைத்து அழகு பார்க்கிற சமாச்சாரம் இல்லை. பிரெஞ்சில் ஈ மேல் கூரை போட்டால் மீனவர், சாய்கோடு போட்டால் பாவி. எழுத்து அதே, உச்சிக் குறி மட்டும் வேறு. ஜெர்மனில் யூ மேல் ரெண்டு புள்ளி இருந்தால் 'அழுத்து', இல்லாவிட்டால் 'அச்சடி'. நம்மிடம் வந்து ஒருவர் "கொம்பு, கால், புள்ளி எல்லாம் எங்க சாஃப்ட்வேருக்கு ஒத்துக்காது, வெறும் உடம்பை மட்டும் எழுதுங்க" என்று சொன்னால் 'கல்', 'கால்', 'கேள்' எல்லாம் என்ன கதி ஆகும்? சும்மா விடுவோமா?

நான்கு, பேரை மாற்றுவது சில சமயம் வியாதியை முற்ற வைக்கும். கிறுக்கலைக் காட்டும் அந்த ஓட்டை மென்பொருளிலிருந்தே பேரை மாற்றினால், அது எந்த ரகத்தில் கட்டி அனுப்பும் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம்.

காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா? இத்தனை வருஷமா காலை வெட்டிக்கிட்டே இருக்கோம்.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க

திட்டிக்கொண்டே போனால் போதாது. கிறுக்கலின் வடிவத்தைப் பார்த்தாலே முக்கால்வாசி கேஸ்களில் குற்றவாளி யார் என்று சொல்லிவிடலாம்.

அ) ஆம்பர்சண்டில் ஆரம்பித்து ஹைஃபனில் முடிகிறதா? அவிழ்க்கப்படாத மூட்டை. தகவல் பத்திரம். பேரை மாற்றாதீங்க, நீக்காதீங்க. தண்டர்பேர்ட் மாதிரி வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்க. அங்கே சரியாகத் தெரிந்தால் முதல் மென்பொருள்தான் குற்றவாளி.

ஆ) எல்லா மென்பொருளிலும் ஒரே கிறுக்கல் தெரிகிறதா? ரெண்டு தடவை கட்டிய மூட்டையாக இருக்கலாம். சர்வர் அனுப்பும் மூலப் பேரில் ஆம்பர்சண்டை ஒட்டியே ஹைஃபன் வருகிறதா என்று பார்க்கணும். ஆமாம் என்றால் புது ஃபோல்டரைச் சரியான பேரில் உருவாக்கி, கடிதங்களை நகர்த்தி, எண்ணிக்கை சரியா என்று பார்த்த பிறகுதான் பழையதைத் தொடணும்.

இ) கோடு போட்ட ஈ இருந்த இடத்தில், தலையில் நெளிவு போட்ட பெரிய ஏ-வும் காப்புரிமைக் குறியும் (©) வருகிறதா? அது ஐமேப் பிரச்சினையே இல்லை. யூடிஎஃப்-8-ஐ எவரோ ஐஎஸ்ஓ 8859-1 என்று நினைத்துப் படிக்கிறார். தமிழ்ப் பக்கங்களில் வட்டத்துக்குள் ஆர் (®) வரிசையாக வந்து நிற்குமே, அதே உறவுக்காரர்தான். டிஸ்கி முறை, டாப், டாம் என்று ஆளாளுக்கு ஒரு எழுத்துருவோடு அலைந்த தலைமுறைக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

ஈ) வெறும் கேள்விக்குறியா? கஷ்டம். காட்டுவதில் மட்டும் கோளாறு என்றால் தப்பிக்கலாம். அந்தக் கேள்விக்குறியே சேமிக்கப்பட்டிருந்தால் எழுத்து நிரந்தரமாகப் போயாச்சு.

உ) ஒரே பேரில் ரெண்டு ஃபோல்டர், ரெண்டும் பார்க்க அச்சு அசலா ஒன்றா? யூனிகோடில் கோடு போட்ட ஈ-யை ஒரே எழுத்தாகவும் எழுதலாம், ஈ தனி, கோடு தனி என்று ரெண்டாகவும் எழுதலாம். ஆப்பிளின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பேர்களைப் பிரித்தே சேமிக்கும். மற்றவை பெரும்பாலும் சேர்த்தே வைக்கும். கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு ரெண்டு. தமிழிலும் ஒகரக் கொம்பை (ொ) ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று ரெண்டாகவும் எழுதலாம்.

எது எப்படி இருந்தாலும், சர்வர் என்ன அனுப்புகிறது என்பதை மூலத்தில் பாருங்க. 'லிஸ்ட்' கட்டளைக்கு சர்வர் தரும் பதிலில் இருப்பதுதான் உண்மை. மற்றதெல்லாம் அவரவர் மென்பொருள் சொல்கிற கதை.

எழுதுகிறவர்களுக்கு

கட்டுவதும் அவிழ்ப்பதும் வாசலில் மட்டும் நடக்கட்டும். சர்வரிடமிருந்து வாங்கியதும் அவிழ்க்கணும், சர்வருக்குக் கொடுக்கும்போது கட்டணும். வீட்டுக்குள் எல்லா இடத்திலும் யூனிகோடு. இந்த ஒரு ஒழுங்கு இருந்தாலே ரெண்டு தடவை கட்டும் வியாதி வராது.

'அனுப்பியவை' எது என்பதைப் பேரை வைத்து ஊகிக்காதீங்க. 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6154 இதற்காகவே இருக்கிறது. எது அனுப்பியவை, எது வரைவு, எது குப்பை என்று சர்வரே அடையாளம் போட்டுச் சொல்லும். அந்த அடையாளத்தைப் பார்த்தால் பிரெஞ்சில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என்று மூணு 'அனுப்பியவை' உருவாகும் கூத்து குறையும்.

சோதனைப் பட்டியலில் நான்கு பேர் போதும். அக்சென்ட் உள்ள ஒரு பிரெஞ்சுப் பேர். நடுவில் ஆம்பர்சண்ட் உள்ள ஒரு ஆங்கிலப் பேர். 'தமிழ்'. ஒகரக் கொம்பு உள்ள ஒரு பேர், ரெண்டு விதமாகவும். உருவாக்கு, பேர் மாற்று, நீக்கு, மறுபடி திற. அரை மணி நேர வேலை. இந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்த யாரோ ஒருவரால்தான் அந்தக் கணக்குப் பிரிவு அம்மாவின் கடிதங்கள் போச்சு.

சப்போர்ட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்று. உங்க மேல பெரிய கோபம் இல்லை. உங்களுக்கு ஒரு பதில் பட்டியலைக் கொடுத்து அதிலிருந்து ஒட்டச் சொல்லியிருக்காங்க. ஆனா அந்தப் பட்டியலில் "அக்சென்ட் வைக்காதீங்க" என்ற வரி இருந்தால், அதை எடுத்துட்டு இதைப் போடுங்க: "உங்கள் ஃபோல்டரை நீக்க வேண்டாம், பேர் மாற்ற வேண்டாம், எங்கள் மென்பொருளில் கோளாறு, சரி செய்கிறோம்." அதைச் சொல்ல மேலே இருப்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், முதல் ரெண்டு வாக்கியத்தையாவது சொல்லுங்க. யாரோ ஒருத்தருடைய நாலு வருஷம் தப்பிக்கும்.